குமுதாவின் மூக்கு

"கையக் காட்டு," என்கிறார் குமுதா.

ஒரு கை போதாது, இரண்டையும் காட்ட வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியிலுள்ள பரிசோதனைக்கூடத்தின் உள்கதவு அது. காலை எட்டேகால் மணிக்கு அங்கே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஏழெட்டுப் பேர், நகம் காட்டும் பள்ளிப் பிள்ளைகளாக வரிசையில் நிற்கிறார்கள். குமுதா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு உள்ளங்கையாகக் குனிந்து முகர்கிறார். முகர்ந்த கையோடு ஆளின் முகத்தையும் ஒரு பார்வை பார்க்கிறார். பிறகுதான் தீர்ப்பு.

"சானிட்டைசர் போட்டிருக்க."

"இல்லக்கா, எல்ஆர்டி ரயில்ல இறங்கறப்ப கொஞ்சூண்டு..."

"கொஞ்சூண்டோ நெறையவோ, போயி சோப்புப் போட்டுக் கழுவு. பத்து நிமிசம் வெளிய நில்லு லா. உன் கையில இருக்கறது எவனோ ஒரு டிரைவர் தலையில ஏறிரும்."

மிரட்டலுக்காகச் சொல்வதில்லை. அந்தக் கூடத்தின் வேலையே மனிதர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் சாராயம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுதான். கை கழுவும் மருந்தில் பாதிக்கு மேல் சாராயம். அது படிந்த கையால் குப்பியைத் திறந்தால், ஆவி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் குமுதாவின் ராஜ்ஜியத்தில் சென்ட் கிடையாது, தலைவலித் தைலம் கிடையாது, நகப்பூச்சு கிடையாது. டுரியான் பருவத்தில் மதியம் அந்த நெடியடிக்கும் பழத்தைச் சாப்பிட்டு வருகிறவர்களுக்கு அன்று முழுவதும் கோப்பு அடுக்கும் வேலைதான். மேலாளரே ஒருமுறை அப்படி அடுக்கியிருக்கிறார்.

குமுதாவுக்கு வயது அறுபத்தொன்று. போன வருடமே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். இருபத்தேழு வருடங்களாக ஒரே நாற்காலி. அதன் குஷனை மட்டும் நான்கு முறை மாற்றியிருக்கிறார்கள். இப்போது வருட ஒப்பந்தம், மார்ச் மாதம் புதுப்பிக்க வேண்டும். நீலக் கரை வைத்த பருத்திச் சேலையின் மேல் வெள்ளைக் கோட்டு. தலையில் பூ இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து இறங்கி ரயிலுக்கு நடக்கிற வழியெல்லாம் மாலைக் கடைகள்தான். பூக்கட்டுகிற வள்ளியம்மா தினமும் கூப்பிடுவாள்: "ஒரு முழம் வெச்சுக்கிட்டுப் போங்கக்கா, மங்களமா இருக்கும்." குமுதாவும் தினமும் ஒரே பதிலைச் சொல்வார்: "என் மெஷினுக்குப் பிடிக்காதுடி." வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பும்போது மட்டும் வாங்குவார். அதுவும் சாமிப் படத்துக்கு.

மெஷின் என்று அவர் சொல்கிற அந்தக் கருவி, ஒரு சின்ன குளிர்பதனப் பெட்டி அளவு இருக்கும். சில சொட்டுச் சிறுநீரைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, உலோக மூடியை அழுத்தி இறுக்கி, மெல்லச் சூடாக்கினால், எளிதில் ஆவியாகக்கூடியவை மேலெழும்பி மூடிக்குக் கீழேயுள்ள இடத்தில் தங்கும். அந்த ஆவியைக் கருவி ஊசியால் உறிஞ்சி, தலைமுடி கனமுள்ள முப்பது மீட்டர்க் குழாய்க்குள் அனுப்பும். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உள்ள நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும்; வந்ததும் திரையில் கோடு ஏறி இறங்கும். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. குமுதாவுக்கு அவையெல்லாம் மலைகள். "இது எத்தனால் மலை, சாராயம். இது மெத்தனால் மலை, இதப் பாத்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போடணும், அந்தாளுக்குக் கண்ணு போயிரும்." புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் பாடம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஆயுத பூசை அன்று அந்தக் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு, கற்பூரம் கிடையாது. ஒரு வருடம் பக்தி மிகுந்த ஒருவர் அதன் முன் கற்பூரம் காட்டிவிட்டார். இரண்டு நாளைக்கு வெற்றுக் குப்பியை வைத்தாலும் திரையில் பெயர் தெரியாத மலைகள் எழுந்தன. மெஷினுக்குச் சாமி வந்துவிட்டது என்று ஊழியர்கள் சிரித்தார்கள், குமுதா சிரிக்கவில்லை. அதிலிருந்து தீபாராதனை கீழே கார் நிறுத்துமிடத்தில் நடக்கிறது. கருவி மேலே ஓடிக்கொண்டிருக்கும். எல்லாரும் இரண்டாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவார்கள். டயர்க் கடைச் சீனர் முதல் வருடம் கட்டடம் இடியப் போகிறதோ என்று வெளியே ஓடி வந்தாராம்.

இப்போது ஒரு ரகசியம். இத்தனை அமர்க்களம் பண்ணுகிற குமுதாவுக்கு வாசனை தெரியாது.

கொரோனா வந்து போன பிறகு மூக்கு செத்துவிட்டது. முதலில் ரசத்தின் மணம் போயிற்று, பிறகு எல்லாம். ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். நான்கு வருடமாகிறது. வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தால் கணவர் கன்னையாதான் கூடத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படியானால் கதவருகே தினமும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? "மூஞ்சியப் பாப்பேன். தப்புப் பண்ணவன் கைய நீட்டறப்பவே கொஞ்சம் பின்னால இழுத்துக்குவான்," என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். பத்துக்கு ஒன்பது முறை சரியாகவே இருக்கிறது.

கன்னையா ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், முற்றிச் சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். குமுதாவின் கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டைதான் அந்த மூன்று நாளையும் தாங்குகிறது. அவர் அறுபத்தொரு வயதிலும் ஏழு மணி ரயிலைப் பிடிக்க ஓடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கன்னையாவுக்கு இது தெரியும். அதனால்தானோ என்னவோ, மனைவி மாலை வீடு வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி நிற்பார். "பாரு, நான் ஒன்னும் போடல." அந்தக் கேலிக்குக் குமுதா எப்போதாவது சிரிப்பார். பெரும்பாலான நாட்களில் செருப்பைக் கழற்றவே அலுப்பாக இருக்கும்.

குமுதாவுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க." இருபத்தேழு வருடத்தில் நான் குடித்தேன் என்று ஒப்புக்கொண்ட ஒருவரைப் பற்றியும் அவர் கேள்விப்பட்டதில்லை. இருமல் மருந்து குடித்தேன், புளித்த பழம் சாப்பிட்டேன், கல்யாண வீட்டு கேக்கில் என்னமோ ஊற்றியிருந்தார்கள். எண் சொல்வதைத்தான் நம்ப வேண்டும், ஆள் சொல்வதை நம்பினால் சாலையில் யாராவது சாவார்கள். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறிக்கை ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

இந்த வருடம் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்களும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை வந்தபோது தொண்ணூறு குப்பிகள் காத்திருந்தன. முந்தின நாள் டயாலிசிஸ் நடுவே கன்னையாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கி, குமுதா பகல் முழுவதும் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செவ்வாயன்று அவர் கதவருகே யார் கையையும் சரியாகப் பார்க்கவில்லை என்று பிறகு ஷாமினி சொன்னாள். ஷாமினி பக்கத்து மேசைக்காரி, ஆறு வருடச் சர்வீஸ், வாய் சும்மா இருக்காது.

கிள்ளானில் ஒரு கிளினிக்கிலிருந்து வந்த பெட்டியில் நானூற்றுப் பதினேழாம் எண் குப்பி இருந்தது. ஆலைத் தொழிலாளர்களை ஏற்றியிறக்குகிற ஒரு பேருந்து நிறுவனம், தன் ஓட்டுநர்களின் சிறுநீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கும்; அவர்களில் ஒருவருடையது. குமுதா மூடியைத் திருகியபோது 'புஸ்' என்று காற்று வெளியேறியது. லேசான சத்தம்தான். அவர் காதில் விழுந்தது.

"அக்கா, தோசமாவு வாசம் வருது," என்றாள் ஷாமினி.

"காலைல சாப்பிடாம வந்தா அப்படித்தான் வரும்."

"இல்லக்கா, நெசமா. புளிச்ச மாவு."

"வேலையப் பாரு லா. இன்னும் அம்பது கெடக்கு."

கருவி கொடுத்த எண் நாற்பத்தாறு. அந்த நிறுவனத்தின் விதிப்படி பூஜ்யம்தான் இருக்க வேண்டும். குமுதா மாலை நாலரை மணிக்கு மற்ற அறிக்கைகளோடு அதிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

புதன்கிழமை மதியம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கக் கீழே இறங்கினார். வெள்ளைக் கோட்டு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டுக்கு அருகே காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் ஓர் ஆள் மலாயில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மழித்த தலையில் சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது. கன்னத்தில் இரண்டு பக்கமும் வேல் குத்திய காயம் ஆறாமல் இருந்தது. ஜாகா கையை விரித்துவிடவே, சேலை கட்டிய பெண்ணைப் பார்த்து அவர் தமிழுக்கு மாறினார்.

"அக்கா, மேலயா வேலை செய்யறீங்க?"

"ஆமா."

"இந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டது யாருன்னு தெரியுமாக்கா?"

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளை நீட்டினார். நானூற்றுப் பதினேழு. அடியில் குமுதாவின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு கோட்டைத் தாண்டியிருந்தது.

"தெரியாதுப்பா," என்றார் குமுதா.

பரிசோதிக்கப்பட்டவரிடம் பேசக்கூடாது என்பது விதி. அவர் விதிக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

"எம்பேரு வாசு. பதினாறு வருசமா பஸ் ஓட்டறேன்கா. ஒரு சம்மன் கெடையாது. நாப்பத்தெட்டு நாள் வெரதம், ஒரு வேளைதான் சாப்பாடு. வெள்ளிக்கிழம மூத்திரம் எடுத்தாங்க, ஞாயித்துக்கிழம பத்துமலைல காவடி எடுத்தேன். நேத்து சாயந்தரம் பேப்பர் வருது, நான் குடிச்சிருக்கேன்னு. பஸ் சாவிய வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

குமுதா சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக எடுத்த சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சாவி போனாக்கூடப் பரவால்லக்கா. எங்க சூப்பர்வைசரும் அதே காவடிக் குழுதான். குடிச்சிட்டா காவடி தூக்கினன்னு குழுவுல கேக்கறாங்க. இருமல் மருந்து குடிச்சியான்னு கிளினிக்ல கேட்டாங்க. நான் இனிப்புநீர் மாத்திரை தவிர ஒன்னும் தொடலக்கா. அதுவும் போன மாசம் புதுசா குடுத்தது, சக்கரைய மூத்திரத்துல எறக்கிருமாம். வீட்டுக்காரம்மா ஒன்னும் கேக்கல. காலைல தண்ணி குடுக்கறப்ப கிட்ட வந்து வாய மோந்து பாத்துச்சுக்கா."

எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று குமுதா மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. இந்த ஆள் கேட்காமலே கையை நீட்டுகிற ரகம். "எதுக்கும் எழுதிக் குடுங்கப்பா, பாப்பாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பாடு வாங்காமலேயே படி ஏறினார். முழங்கால் வலிக்கு இரண்டாவது மாடி ரொம்ப உயரம்.

கணினியில் நானூற்றுப் பதினேழைத் திறந்தார். எத்தனால் மலை நன்றாகவே எழுந்து நின்றது. நேற்று அவர் பார்த்தது அதை மட்டும்தான். அதற்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு சின்ன மேடு. அசிட்டோன். யாரும் கேட்காததால் அறிக்கையில் வராது. பட்டினி கிடக்கிறவர்களுக்கும் இனிப்புநீர்க்காரர்களுக்கும் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருகிற சமாசாரம் அது. கன்னையாவின் வாயில் அந்த வாசனை வந்த காலம் ஒன்று உண்டு. அப்போது குமுதாவுக்கு மூக்கு இருந்தது.

குளிர்பெட்டியில் வைத்திருந்த மிச்சத்தை எடுத்து, சர்க்கரை பார்க்கும் பட்டையை ஒன்று முக்கினார். எண்ணிப் பத்து விநாடிக்குள் பட்டை கரும்பழுப்பாயிற்று. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் அடியைப் பார்த்தார். கெடாமல் இருக்கப் போட்டு வைக்கிற வெள்ளைத் தூள் இருக்க வேண்டும். இல்லை. கிளினிக்கில் சரியான குப்பி தீர்ந்துபோய்ச் சாதாரணக் குப்பியில் பிடித்திருக்கிறார்கள். ஒரு போன் போட்டதில் மற்றதும் தெரிந்தது: வெள்ளி மாலையிலிருந்து செவ்வாய் காலை வரை பெட்டி, பூட்டிய கிளினிக்கின் பின்னறையில், ஏர்கான் இல்லாமல் இருந்திருக்கிறது.

குமுதா மிச்சத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் தூளைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். மற்றதைச் சும்மா மேசை மேல் விட்டார். ஷாமினியிடம் கொஞ்சம் கொடுத்து, "உன் மெஷின்ல ஒரு தடவ ஓட்டிக் குடு," என்றார். உடம்பு வழியாகப் போன சாராயம் கல்லீரலில் உருமாறி ஓர் அடையாளத்தைச் சிறுநீரில் விட்டுச் செல்லும். குப்பியில் தானாக ஊறியதற்கு அது இருக்காது. ஷாமினியின் கருவி தேடுவது அந்த அடையாளத்தை.

"யாருக்கா கேட்டது இத?"

"நான்தான்."

வியாழக்கிழமை காலை, குளிர்பெட்டியில் இருந்தது அதே நாற்பத்தாறு. மேசையில் இருந்தது எழுபத்தொன்பது. ஷாமினி தேடிய அடையாளம் துளியும் இல்லை. சர்க்கரை இருந்தது, புளிக்க வைக்கும் கிருமி இருந்தது, நான்கு நாள் புழுக்கமும் இருந்தது. குப்பிக்குள்ளேயே கள் இறங்கிவிட்டது. வாசு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

மேலாளர் நிர்மலனுக்கு நாற்பது வயது. டாக்டர் பட்டம் பெற்றவர். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும் வெளியே ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர், இரண்டும் கலந்துதான் வரும். கெட்டவரில்லை. குமுதா கொண்டுபோய் வைத்த தாள்களை இரண்டு முறை படித்தார்.

"அக்கா, இந்த டெஸ்ட் எல்லாம் கிளையண்ட் கேக்கலையே. அவங்க கேட்டது ஒரு நம்பர்."

"நம்பர் சரிதான் டாக்டர். அது அந்தாளோடது இல்ல."

நிர்மலன் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். வெளியே போன அறிக்கையைத் திருத்துவதற்கான படிவம். மற்றவர்கள் அதை நிரப்புவதைத்தான் குமுதா பார்த்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: மாதிரி, கருவி, பணியாளர்.

"மாதிரிக்கு டிக் பண்ணுங்கோ. அது பொய்யும் இல்ல. குப்பி கிளினிக் குடுத்தது, வெளிய வெச்சது அவங்க. உங்க ஃபைல்ல ஒன்னும் ஏறாது."

"அப்படிப் போட்டா அந்தாளுக்கு என்ன போகும்?"

"முடிவு சொல்ல முடியலைன்னு போகும்."

"பஸ் சாவி?"

"அது அவங்க கம்பெனி முடிவு அக்கா. முடிவு தெரியாத ஆள அடுத்த ரவுண்டு வரைக்கும் ஓட்ட விடமாட்டாங்க. ஜூலை ஆகும்."

ஜூலை வரைக்கும் அந்த ஆள் குடித்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. காவடிக் குழுவுக்கும் தெரியாது, வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியாது.

"மூணாவது கட்டத்துக்கு டிக் பண்ணா?"

"லேப் தப்புன்னு ஆயிடும். அந்த ரிசல்ட் மொத்தமா கேன்சல், டெஸ்ட்டே எடுக்காத மாதிரி, சாவி திரும்பக் கிடைக்கும். ஆனா காரணம் எழுதணும், பேர் போட்டு. என்ன எழுதுவீங்க?"

"தொறக்கறப்ப காத்து வந்துச்சு. புளிச்ச வாசம் வருதுன்னு ஷாமினி சொன்னா. நான் கேக்கல."

"இருபத்தேழு வருசம் சர்வீஸ் உள்ள ஆள், ஏன் கேக்கல?"

குமுதா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "எனக்கு வாசம் தெரியாது டாக்டர். நாலு வருசமா."

நிர்மலன் அவரையே பார்த்தார். "தினம் வாசல்ல நின்னு எல்லாருடைய கையையும் பாக்கிறீங்களே?"

"மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன்."

நிர்மலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டுரியான் தின்றுவிட்டுக் கோப்பு அடுக்கியது ஞாபகம் வந்திருக்கலாம். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, இத எழுத வேண்டாம். மார்ச்சில உங்க காண்ட்ராக்ட் வருது, எச்.ஆர். ஃபைலத்தான் பாப்பாங்க. எனக்குத் தெரிஞ்சும் நான் ஒன்னும் செய்ய ஏலாது. அண்ணனுக்கு டயாலிசிஸ் இருக்கு. நல்லா யோசியுங்கோ. மாதிரின்னு போட்டா ஒருத்தரும் உங்கள ஒன்னும் கேக்கமாட்டாங்க."

"சரி டாக்டர்," என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு குமுதா தன் மேசைக்கு வந்தார்.

அவருக்குப் பயமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ அட்டை இல்லாத ஏப்ரல் மாதத்தை அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், வாரத்துக்கு மூன்று என்று. அரசாங்க மருத்துவமனையில் இடம் கேட்டு எழுதிப் போட்டால் எவ்வளவு நாளில் கிடைக்கும் என்று கன்னையாவின் பக்கத்துக் கட்டில்காரரை ஒருமுறை விசாரித்தது ஞாபகத்துக்கு வந்தது. இந்த வாசு யார், எந்த ஊர், எனக்கு என்ன உறவு என்று கோபமும் வந்தது. கோபம் வந்தால் அவருக்குத் தூக்கம் வரும். ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு கன்னையாவுக்குப் போன் போட்டார்.

"வேலைக்கு ஆபத்து வர்ற மாதிரி ஒன்னு எழுதப் போறேன்," என்றார். விவரம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. "நெசமா?" என்றார் கன்னையா.

"நெசம்தான்."

"அப்ப எழுது. சோத்துக்கு என்ன வெச்சிருக்கன்னு சொல்லு, நான் சூடு பண்ணிக்கறேன்."

"மீன் கொழம்பு. மேல் தட்டுல."

போனை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தாள் ஒட்டியது. மேலே எழுதினால் கீழே படியும். வெள்ளை நிறுவனத்துக்கு, மஞ்சள் பரிசோதனைக்கூடத்துக்கு, ரோஸ் பரிசோதிக்கப்பட்டவருக்கு. ரோஸ் தாளில் எழுத்து ஒழுங்காக விழுந்து அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது தாள் வரைக்கும் யார் அழுத்துவார்கள்? வாங்கிப் போகிறவர்களுக்கு நான்கைந்து சாம்பல் கீறல்கள்தான் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் காட்ட முடியாது.

குமுதா மேசை விரிப்பை நகர்த்திவிட்டு, வெறும் எஃகின் மேல் படிவத்தை வைத்தார். மெல்லிய நுனிப் பேனாவை ஒதுக்கிவிட்டு, பெட்டிகளில் எழுதுகிற தடித்த பந்துமுனைப் பேனாவைத் தேடி எடுத்தார். எழுந்து நின்றுகொண்டார். மூன்றாவது கட்டத்தில் குறியிட்டார். பிறகு மலாயில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: குப்பியைத் திறந்தபோது புளித்த வாசனை வந்தது என்று உடன் வேலை செய்பவர் சொன்னார், நான் பொருட்படுத்தவில்லை, எனக்கு முகரும் திறன் இல்லை, இந்த நபர் மது அருந்தவில்லை, முடிவு ரத்து. கீழே பெயர், கையெழுத்து. கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருந்தது.

மேலிரண்டு தாள்களையும் தூக்கி அடித்தாளைப் பார்த்தார். அவருடைய பெயர் தெளிவாக விழுந்திருந்தது. மது அருந்தவில்லை என்ற வரி மட்டும் கொஞ்சம் மங்கல். தாள்களை இறக்கி, ஓரங்களைச் சரியாகப் பொருத்தி, அந்த வரியின் முதல் எழுத்தின் மேலேயே பேனாவை வைத்து மறுபடியும் அழுத்தி எழுத ஆரம்பித்தார்.